நிபா வைரஸும் சுவா காவ் பிங்கும்: பொருந்தாத தரவை விட்டுவிடாதவர்

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா பரவியபோதுதான் நம்மில் பலர் அந்தப் பெயரையே முதல்முதலாகக் கேட்டோம். வாட்ஸப்பில் வௌவால் படங்கள் சுற்றின. மாம்பழம் சாப்பிடலாமா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு விவாதம். "நிபா" என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்து, ஒன்றிலிருந்து ஒன்றாக ஆய்வுக் கட்டுரைகளுக்குள் போய் விழுந்தேன். அப்போது அறிமுகமானவர்தான் சுவா காவ் பிங். மலேசியர். குழந்தை மருத்துவராக இருந்து வைரஸ் ஆய்வுக்கு வந்தவர். நிபா வைரஸை முதலில் பிரித்தெடுத்தவர்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. பிஇ முடித்துவிட்டு இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். ஆனாலும் இந்தக் கதையில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு விஷயம் இருந்தது. ஒரு சிஸ்டம் படுத்துவிடுகிறது. முதல் பதினைந்து நிமிஷத்தில் யாரோ ஒரு காரணம் சொல்கிறார். அது முக்கால்வாசி பொருந்துகிறது. எல்லாரும் அந்தத் திசையில் ஓடுகிறார்கள். பொருந்தாத நாலு லாக் வரிகளைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எங்கள் தொழிலில் இதற்குக் கொடுக்கும் விலை ஓர் இரவுத் தூக்கம். தொற்றுநோயில் அது மனித உயிர்.

சுவாவின் வாழ்க்கையை நான் இந்தக் கோணத்தில்தான் படித்தேன். கடைசியில் அவருடைய சொந்தக் கருத்து ஒன்றுக்கும் இதே சோதனை வந்தது. அதையும் சொல்கிறேன்.

ஈப்போவைச் சுற்றிய பண்ணைகள்

1998 செப்டம்பர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் படுக்கையில் விழ ஆரம்பித்தார்கள். கடும் காய்ச்சல், தலைவலி, மயக்கம், பிறகு கோமா. மூளை வீக்கம் என்பது டாக்டர்களுக்கு உடனே புரிந்தது. என்ன கிருமி என்பதுதான் கேள்வி.

முதலில் சொல்லப்பட்ட பதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இதை முட்டாள்தனமான பதில் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த வைரஸ் ஆசியா முழுக்க இருக்கிறது. இந்தியாவில் அது முதலில் மனிதர்களிடம் அடையாளம் காணப்பட்டதே நம்ம வேலூர்ப் பக்கம்தான், 1955இல். வயல்வெளிக் கொசுக்கள் அதைப் பரப்புகின்றன. பன்றியின் உடம்பில் அந்த வைரஸ் பல்கிப் பெருகும், அங்கிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும். ஆக, பன்றி இருக்கிறது, கொசு இருக்கிறது, மூளை வீக்கம் இருக்கிறது. போதாக்குறைக்கு சில நோயாளிகளின் ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பணுக்களும் தெரிந்தன. ரிசல்ட்டே வந்துவிட்ட பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

அரசு செய்ய வேண்டியதைச் செய்தது. கொசு மருந்துப் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். ஆனால் நோய் நிற்கவில்லை. டிசம்பர் வாக்கில் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கும் வந்துவிட்டது. 1999 பிப்ரவரி, மார்ச்சில் அங்குள்ள புக்கிட் பெலாண்டோக் பகுதியில் நிலைமை ஈப்போவைவிட மோசம்.

பொருந்தாத நாலு விஷயம்

இப்போது உட்கார்ந்து பார்த்தால், பதில் தப்பு என்று சொல்லும் தடயங்கள் ஆரம்பத்திலிருந்தே கண் முன்னால் இருந்தது தெரிகிறது.

ஒன்று, வயது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அது ஏற்கெனவே புழங்கும் நாடுகளில் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். பெரியவர்கள் சின்ன வயதிலேயே கொசுக்கடியில் எதிர்ப்புசக்தி பெற்றிருப்பார்கள். இங்கே விழுந்தவர்கள் வேலை செய்யும் வயதுள்ள ஆண்கள். கோலாலம்பூரில் சிகிச்சை பெற்ற 94 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று 2000இல் வந்தது. அதில் சராசரி வயது 37.

இரண்டு, யாருக்கு வரவில்லை என்பது. எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான். கொசு மதம் பார்த்துக் கடிக்காது. பண்ணைகளை ஒட்டிய ஊர்களில் மலாய் முஸ்லிம்களும் இருந்தார்கள். பன்றியைத் தொடாதவர்கள், ஆனால் அதே கொசுக்களிடம் கடி வாங்கியவர்கள். அவர்களுக்கு நோய் வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் பண்ணை வைத்திருந்த சீன வம்சாவளியினர். பண்ணைகளில் கூலி வேலை பார்த்த இந்திய வம்சாவளியினரும் உண்டு. மேலே சொன்ன 94 பேரில் 93 சதவீதம் பேர் பன்றிகளோடு நேரடியாகப் பழகியவர்கள்.

மூன்று, ஒரே வீட்டில் பல பேர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் உடம்புக்குள் போன நூற்றுக்கணக்கான பேரில் ஒருவருக்குத்தான் மூளை வீக்கம் வரை போகும். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்படியிருக்க ஒரே குடும்பத்தில் இரண்டு பேர், மூன்று பேர் கோமாவுக்குப் போவதற்கு நிகழ்தகவு எவ்வளவு? பிளஸ் டூ கணக்கே போதும். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு, பன்றிகளே நோயாளிகளாக இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் சினைப்பன்றிகளுக்குக் கருச்சிதைவு ஆகும், மற்றபடி பன்றிகள் நன்றாகவே இருக்கும். இங்கே பன்றிகள் மூச்சு வாங்கின, நாய் குரைப்பது போல் இருமின. அந்த இருமல் ஒரு மைல் தூரம் கேட்கும் என்று பண்ணைக்காரர்கள் சொல்லும் அளவுக்குச் சத்தம்.

இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தால் கொசு கதையில் இல்லை என்பது தெரியும். பன்றியிலிருந்து நேராக மனிதனுக்கு ஏதோ வருகிறது. ஆனால் ஒரு பெயர் சூட்டிவிட்டால் அதை மீறிப் பார்ப்பது கஷ்டம். அந்தப் பெயரை நம்பி நடந்த இன்னொரு காரியம்தான் பெரிய சேதத்தைச் செய்தது. கொசுதான் காரணம் என்றால் பன்றியை லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு விற்பதில் தப்பென்ன? பேராக்கில் பயந்துபோன பண்ணைக்காரர்கள் கிடைத்த விலைக்குப் பன்றிகளைத் தள்ளிவிட்டார்கள். அந்த லாரிகளோடு நோயும் தெற்கே போனது.

மலாயா பல்கலைக்கழக லேப்

சுவா அப்போது கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் இருந்தார். 1997இல் சரவாக் மாநிலத்தில் குழந்தைகளைக் கொன்ற கை, கால், வாய் நோய் அலை ஓய்ந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அந்தத் துறைக்குப் புதுப்புது நோய்கள் புதிதல்ல.

புக்கிட் பெலாண்டோக் பக்கத்தில் சுங்கை நிபா என்று ஒரு கிராமம். அங்கிருந்து வந்த நோயாளி ஒருவரின் தண்டுவட நீர் சாம்பிள் சுவாவின் கைக்கு வந்தது. 1999 மார்ச் தொடக்கம்.

வைரஸை வளர்ப்பது எப்படி என்று கொஞ்சம் சொன்னால்தான் அடுத்தது புரியும். வைரஸ் தானாக வளராது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த ஒருவகை செல்களை லேப்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வைத்திருப்பார்கள். வீரோ செல்கள் என்று பெயர். பிளாஸ்டிக் குடுவையின் அடியில் ஒரே ஒரு அடுக்காக, தரையில் ஓடு பதித்த மாதிரிப் பரவியிருக்கும். அதன்மேல் நோயாளியின் சாம்பிளைச் சில சொட்டு விட்டுவிட்டு, தினமும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். செல்கள் எப்படிச் சாகின்றன என்பதை வைத்து எந்த வகை வைரஸ் என்று அனுபவசாலிகள் ஓரளவு ஊகித்துவிடுவார்கள்.

சில நாட்களில் சுவா பார்த்தது, ஓட்டுத் தரையில் ஓட்டைகள் அல்ல. பக்கத்துப் பக்கத்து செல்கள் சுவரை இடித்துவிட்டு ஒன்றோடொன்று கலந்து, ஏகப்பட்ட உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்களாக மாறியிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இப்படிச் செய்வதில்லை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி வைரஸ்களின் குடும்பம் செய்யும் வேலை இது. பாராமிக்ஸோ வைரஸ்கள் என்பார்கள். ஆனால் தெரிந்த வைரஸ்களுக்கு லேப்பில் இருந்த சோதனைகள் எதற்கும் இது பிடிகொடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு ஆய்வாளர் செய்யக்கூடிய சுலபமான காரியம் ஒன்று உண்டு. குடுவையில் வேறு ஏதோ கலந்துவிட்டது என்று எழுதிவைத்துவிட்டுக் குப்பையில் போட்டுவிடலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நாடு முழுக்க ஒரு பதிலை ஏற்றுக்கொண்டு தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு குடுவையை வைத்துக்கொண்டு "இது அது இல்லை" என்று சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும். சுவா குடுவையைத் தூக்கிப் போடவில்லை.

அடுத்த கட்டம் உள்ளூரில் முடியாது. இப்படிப்பட்ட கிருமியைக் கையாளும் நான்காம் நிலைப் பாதுகாப்பு லேப் அப்போது மலேசியாவில் இல்லை. சுவா அந்த மாதிரிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கிளை இருக்கிறது. கொசு, உண்ணி பரப்பும் நோய்களுக்கான கிளை. அங்கே எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. வடிவமே பாராமிக்ஸோ. பிறகு அட்லாண்டாவில் இருந்த சிடிசி தலைமை லேப்பில் சோதித்தபோது, உலகத்திலேயே ஒரே ஒரு வைரஸின் எதிர்ப்பணு மட்டும் இதோடு ஒட்டியது. அதன் பெயர் ஹெண்ட்ரா.

ஹெண்ட்ரா என்பது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு பகுதி. 1994இல் அங்கே ஒரு லாயத்தில் பந்தயக் குதிரைகள் வரிசையாகச் செத்தன, குதிரைப் பயிற்சியாளர் ஒருவரும் இறந்தார். அந்த வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வந்தது என்பதை ஆஸ்திரேலியர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். மலேசிய வைரஸ் அதற்குத் தம்பி. கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள், நிபா. சதுப்பு நிலத்து ஆற்றோரங்களில் வளரும் ஒருவகைப் பனைக்கு மலாய் மொழியில் நிபா என்று பெயர், சுங்கை என்றால் ஆறு. அழகான பெயர் கொண்ட ஊர், பாவம், கொடிய நோயின் பெயராக உலகம் முழுக்கப் போய்விட்டது. இந்த மாதிரிச் சங்கடங்களால்தான் புது நோய்களுக்கு ஊர்ப் பெயர் வைக்க வேண்டாம் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல் கொடுத்தது.

பதில் மாறியதும்

வைரஸ் தெரிந்ததும் நடவடிக்கை தலைகீழாக மாறியது. கொசுவை விட்டுவிட்டுப் பன்றியைப் பிடித்தார்கள். பன்றிகளை இடம் மாற்றத் தடை. ராணுவம் இறங்கியது. ஏப்ரல் கடைசிக்குள் 896 பண்ணைகளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டன. மே மாதத்தோடு மனிதர்களுக்குப் புதிய தொற்று நின்றது. மொத்தம் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். மலேசியப் பன்றிகளை இறக்குமதி செய்த சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஊர்களே காலியாயின. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்து, பண்ணையையும் பறிகொடுத்து, கடனோடு நின்ற குடும்பங்கள் நூற்றுக்கணக்கில். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்து மூளை வீக்கம் மறுபடி வந்தது.

முதல் நோயாளியிலிருந்து சரியான பதில் வரை சுமார் ஆறு மாதம். அதே பதில் அக்டோபரிலேயே தெரிந்திருந்தால் லாரிகள் தெற்கே போயிருக்காது.

தியோமான் தீவில் பிளாஸ்டிக் விரிப்பு

பெரும்பாலான கட்டுரைகள் சுவாவை இந்த இடத்தோடு விட்டுவிடுகின்றன. எனக்கு இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இன்னும் சுவாரஸ்யம்.

பன்றிக்கு எங்கிருந்து வந்தது? ஹெண்ட்ரா அண்ணன் என்பதால் வௌவால் மேல் சந்தேகம். மலேசிய வௌவால்களின் ரத்தத்தில் நிபாவுக்கான எதிர்ப்பணுக்கள் இருப்பது சீக்கிரமே தெரிந்தது. ஆனால் எதிர்ப்பணு என்பது சாட்சி மட்டுமே, "இந்த வைரஸ் இங்கே வந்து போனது" என்று சொல்லும். ஆளையே பிடிக்க வேண்டுமென்றால் உயிருள்ள வைரஸ் வேண்டும். வௌவாலை வலைபோட்டுப் பிடித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பதில் அது கிடைக்கவில்லை.

சுவா வேறு வழி யோசித்தார். தென்சீனக் கடலில் பகாங் மாநிலத்துக்கு எதிரே தியோமான் என்று ஒரு தீவு. அங்கே மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்கும். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு விடிவதற்கு முன் திரும்பி வந்து தொங்கியதும் சிறுநீர் கழிக்கும். மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு வைத்தால் மேலிருந்து விழுவது அதில் சேரும். சொட்டுச் சொட்டாக எடுத்துக் குப்பியில் அடைக்க வேண்டியதுதான். வௌவால் கடித்துவிட்டுக் கீழே போட்ட பழங்களையும் பஞ்சால் துடைத்து எடுத்தார்கள். ஒரு வௌவாலைக்கூடப் பிடிக்கவில்லை, கொல்லவில்லை. கடி வாங்கும் ஆபத்தும் இல்லை.

பலன் 2002இல் வெளிவந்தது. சிறுநீரிலிருந்து இரண்டு, கடித்துப்போட்ட பழத்திலிருந்து ஒன்று என மூன்று முறை உயிருள்ள நிபா வைரஸ் கிடைத்தது. பழத்திலிருந்து கிடைத்த அந்த ஒன்றை யோசித்துப் பாருங்கள். பன்றிக்குப் போன பாதையே அதில் இருக்கிறது. ஈப்போ பக்கத்துப் பண்ணைகளில் தொழுவத்தை ஒட்டி மாமரங்கள். வௌவால் பாதி தின்று போடும் பழம் தொழுவத்துக்குள் விழும். கீழே விழுந்த பழத்தைப் பன்றி விடுமா?

இன்றைக்கு உலகம் முழுக்க வௌவால் வைரஸ் ஆய்வில் மரத்தடி விரிப்பு ஒரு சாதாரண முறை. பெரிய கருவி எதுவும் இல்லை, வௌவால் எத்தனை மணிக்கு என்ன செய்யும் என்று தெரிந்திருந்தால் போதும். அதே தீவின் சாம்பிள்களிலிருந்து தியோமான் வைரஸ், பூலாவ் வைரஸ் என்று அதுவரை யாருக்கும் தெரியாத இரண்டு வைரஸ்களும் கிடைத்தன.

பின்னாளில் சுவா மலேசியாவின் தேசியப் பொது சுகாதார லேப்பில் இருந்தபோது, 2006இல் மலாக்காவில் காய்ச்சலும் இருமலுமாக ஒருவர் வந்தார். என்ன கிருமி என்று தெரியவில்லை. விசாரித்தபோது, காய்ச்சலுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு வௌவால் அவர் வீட்டுக்குள் பறந்து வந்தது தெரிந்தது. அவரிடமிருந்து எடுத்த வைரஸ், பூலாவ் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். மலாக்கா வைரஸ் என்று பெயர். வௌவாலிடம் எடுத்து வைத்த தரவு, சில வருஷம் கழித்து ஒரு மனிதனின் காய்ச்சலை விளக்கியது. அதன் பிறகு சுவா சிங்கப்பூரின் தெமாசெக் லைஃப் சயின்ஸஸ் ஆய்வகத்துக்குப் போனார்.

புகைமூட்டமா, பண்ணைக் கணக்கா?

ஒரு கேள்வி மிச்சம். வௌவாலும் பன்றியும் மாமரமும் பல காலமாக அங்கேதான் இருக்கின்றன. ஏன் 1998இல்?

சுவாவும் சகாக்களும் 2002இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். 1997இல் எல் நினோ வறட்சி. இந்தோனேசியாவில் காடழிக்க வைத்த தீ அடங்காமல் எரிந்து, மலேசியா வரை மாதக்கணக்கில் புகைமூட்டம். வெயில் படாமல் காட்டு மரங்களில் பூவும் காயும் குறைந்தன. இரை தேடி வௌவால்கள் பழத்தோட்டங்களுக்கு வந்தன, பண்ணைகளுக்குப் பக்கத்தில். கேட்பதற்கு அவ்வளவு அழகாகப் பொருந்தும் கதை. காடழிப்பு பற்றிய பேச்சுகளில் இன்றும் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆனால் இதிலும் ஒரு பொருந்தாத தரவு இருந்தது. நோய் தொடங்கிய ஈப்போ பண்ணையோடு தொடர்புள்ள ஒரு நோயாளி 1997 ஜனவரியிலேயே விழுந்திருந்தார் என்று பின்னோக்கிப் பார்த்தபோது தெரிந்தது. புகைமூட்டம் உச்சத்துக்கு வந்தது அந்த வருஷம் செப்டம்பர் வாக்கில். விளைவுக்குப் பிறகு காரணம் வர முடியாது இல்லையா?

ஜூலியட் புல்லியம் என்ற ஆய்வாளரும் குழுவும் இதை வேறு வழியில் அணுகினார்கள். 2012இல் வந்த அவர்களுடைய கட்டுரை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதில் மைக்ரோஸ்கோப்பைவிடக் கணக்குக்கு அதிக வேலை. அந்தப் பண்ணையில் முப்பதாயிரத்துக்கும் மேல் பன்றிகள். எத்தனை குட்டி பிறந்தது, எத்தனை செத்தது என்ற பண்ணைப் பதிவேடுகளை எடுத்து ஒரு கணித மாடலில் போட்டார்கள். வௌவாலிடமிருந்து வைரஸ் ஒருமுறை மட்டும் பண்ணைக்குள் வந்திருந்தால், பன்றிகள் எல்லாவற்றுக்கும் வந்து, எதிர்ப்பு உண்டாகி, அதுவாக அணைந்திருக்கும். ஆனால் இரண்டாவது முறை வந்தபோது நிலைமை வேறு. தாய்ப்பன்றிகளுக்கு எதிர்ப்பு இருக்கிறது. குட்டிகளுக்கு அது தாயிடமிருந்து கொஞ்ச நாளுக்கு மட்டும் கிடைக்கிறது. அது தீரத் தீரப் புதுப்புதுக் குட்டிகள் வைரஸுக்கு இரையாகக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. ஆக நெருப்பு அணையாமல் மாதக்கணக்கில் கனன்றது. சின்னப் பண்ணையாக இருந்திருந்தால் அணைந்திருக்கும். மாமரத்தையும் பெரும்பண்ணையையும் ஒரே இடத்தில் வைத்ததுதான் வினை.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற பதிலை உடைத்தவரின் சொந்த விளக்கத்தை, இன்னொருவர் அதே முறையில் சோதித்தார். இதில் சுவாவுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பொதுவெளியில் எழுதி வைத்ததால்தான் அடுத்தவர் அதைத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மலேசியா இப்போது பன்றிப் பண்ணைகளுக்குத் தனி இடம் ஒதுக்குகிறது, தொழுவத்துக்குப் பக்கத்தில் பழமரம் வைக்க விடுவதில்லை. 1999க்குப் பிறகு அங்கே நிபா வரவில்லை.

சிலிகுரி, கோழிக்கோடு

நம் பக்கம் வந்த நிபாவுக்குப் பன்றி தேவைப்படவில்லை. 2001இல் வங்கதேசத்திலும், மேற்கு வங்கத்தின் சிலிகுரியிலும் வந்தது. வங்கதேசத்தில் ஈச்ச மரத்தில் கலயம் கட்டி இறக்கும் சாற்றை விடியற்காலையில் பச்சையாகக் குடிப்பார்கள். ராத்திரி வௌவாலும் அதே சாற்றை நக்கிவிட்டு, கலயத்துக்குள் சிறுநீரும் விட்டுவிட்டுப் போகும். கலயத்துக்கு மேலே மூங்கில் தட்டி கட்டினால் வௌவால் அண்டாது என்று பிறகு ஆய்வில் காட்டினார்கள். சிலிகுரியில் 66 பேருக்கு வந்தது, 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் பரவியது. அது நிபாதான் என்று விஞ்ஞானக் கட்டுரையாக வெளிவர 2006 ஆகிவிட்டது.

2018 கோழிக்கோட்டில் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மே 5 அன்று முதல் மரணம். அப்போது சந்தேகம் எழவில்லை. சில நாளில் அதே குடும்பத்தில் அடுத்தவர்கள் அதே மாதிரி அறிகுறிகளோடு ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தார்கள். ஒரே வீட்டில் பல பேர் என்ற அந்தப் பழைய தடயம்! இந்த முறை டாக்டர்கள் அதைத் தவறவிடவில்லை. சாம்பிள்கள் மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்கும் புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்கும் போயின. மே 20 வாக்கில் நிபா என்று உறுதியானது. மலேசியாவில் ஆறு மாதம், இங்கே இரண்டு வாரம். அதற்குள் நோயாளியைப் பராமரித்த நர்ஸ் லினி உட்படப் பலர் தொற்றுக்கு ஆளாகிவிட்டிருந்தார்கள். அதிகாரப்பூர்வக் கணக்கில் 17 பேர் இறந்தார்கள். ஆனால் ஜூன் மாதத்தோடு பரவல் கட்டுக்குள் வந்துவிட்டது.

அந்த இரண்டு வாரத்துக்குள் சோதிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. பிசிஆர் டெஸ்டுக்கு வைரஸின் மரபணு வரிசை முன்கூட்டியே வேண்டும். அந்த வரிசையின் ஆரம்பம், 1999 மார்ச்சில் கோலாலம்பூரில் தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஒரு குடுவை.

நிபாவுக்கு இன்னும் அங்கீகரிக்கப்பட்ட மருந்தோ தடுப்பூசியோ இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தடுப்பூசியை மனிதர்களிடம் சோதிக்க 2024 ஜனவரியில்தான் ஆரம்பித்தார்கள். கேரளாவில் 2019, 2021, 2023, 2024 என்று மறுபடி மறுபடி வருகிறது. தமிழ்நாட்டு வௌவால்களிலும் இந்த வைரஸுக்கான எதிர்ப்பணுக்கள் இருப்பதைப் புனே நிறுவனத்தின் கணக்கெடுப்பு காட்டியிருக்கிறது. இதைச் சொன்னதும் வௌவாலை அடித்துத் துரத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அவை பல தலைமுறைகளாக நம் ஆலமரங்களில் தொங்குகின்றன, அவற்றுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காத ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு. துரத்தினால் கூட்டம் கலைந்து இன்னும் பல இடங்களுக்குப் போகும். அணில், வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதே என்று அதட்டி வளர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி டாக்டர்கள் கையிலும் லேப்கள் கையிலும் இருக்கிறது. அடுத்த முறை "மர்மக் காய்ச்சல்" என்று செய்தி வந்தால், யாருக்கு வந்தது என்பதோடு யாருக்கு வரவில்லை என்பதையும் தேடிப் படியுங்கள். நான் இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் தேடுகிறேன்.